சுஜோ தோட்டங்கள்ல அப்படி என்ன இருக்கு, ஒரு நாள் முழுசா ஒதுக்கலாமா?

சீனா டூர் பிளான்ல ஷாங்காய்க்கு அடுத்து சுஜோன்னு ஒரு ஊருக்கு முழுசா ஒரு நாள் போட்டிருக்காங்க, அங்க பழைய தோட்டங்களத்தான் பாக்கணுமாம், ஆனா போட்டோல பாத்தா ஒரு குளம், ஓட்டை விழுந்த நாலு கல்லு, ஒரு மண்டபம், அவ்ளோதான் தெரியுது, இதுக்கு எதுக்கு யுனெஸ்கோ பட்டியல், இதோட வரலாறு என்ன, டிசைன்ல அப்படி என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

போட்டோல ஒண்ணும் தெரியலன்னா அதுல ஆச்சரியம் இல்ல. போட்டோங்கிறது ஒரே எடத்துல நின்னு எடுக்கறது, சுஜோ தோட்டம் ஒரே எடத்துல நின்னா முழுசா தெரியக்கூடாதுன்னே கட்டினது. எதை எப்ப காட்டணும், எதை கடைசி வரைக்கும் மறைக்கணும், எதை பாதி காட்டிட்டு ஆளை வேற பக்கம் திருப்பி விடணும், மொத்த வித்தையும் அதுலதான் இருக்கு. செடி, கல்லு, தண்ணி, சுவரு எல்லாம் அந்த வேலைக்கான சாமான்தான்.

இன்னொண்ணு, இத பொட்டானிக்கல் கார்டன் மாதிரி நெனச்சுட்டு போகாதீங்க. இது ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. தெருவுல இருந்து பாத்தா உயரமான வெள்ளை சுவரும் ஒரு சாதாரண வாசலும்தான் இருக்கும், உள்ள போனா வரிசையா கூடங்கள், அதுக்குப் பின்னாடியோ பக்கத்துலயோ தோட்டம். படிக்கறதுக்கு ஒரு அறை, விருந்தாளி வந்தா ஒரு கூடம், பாட்டு கேக்க ஒரு கூடம், எல்லாம் அந்த குளத்தை சுத்தித்தான். பெய்ஜிங்ல இருக்கற கோடைக்கால அரண்மனை மாதிரி பேரரசர்களோட தோட்டம் வேற ரகம், அங்க ஏரியே பெருசு, முக்கியமான கூரைங்கள்ல மஞ்சள் ஓடு, உத்தரத்துல எல்லாம் கலர் கலரா ஓவியம். சிங்கப்பூர் ஜூரோங்ல 1975ல கட்டின சைனீஸ் கார்டன் பாத்திருக்கீங்கன்னா அது அந்த வடக்கத்தி ராஜ பாணிதான். சுஜோ தோட்டம் அப்படி இருக்காது, வெள்ளை சுவர், கருப்பு ஓடு, கரும்பழுப்பு மரம், அவ்ளோதான் கலர்.

ஏன் சுஜோவுல மட்டும் இவ்ளோ தோட்டம்னா அந்த ஊரோட மண்ணும் பணமும்தான் காரணம். யாங்ஸே ஆத்து டெல்டா, பக்கத்துலயே தாய்ஹூங்கிற பெரிய ஏரி, ஊருக்குள்ள தெருவுக்கு தெரு வாய்க்கால், கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துடும். குளம் வெட்டறது சுலபம், வெட்டின மண்ண பக்கத்துலயே குவிச்சா ஒரு குன்று ரெடி. அப்புறம் பட்டு வியாபாரம், பெய்ஜிங் வரைக்கும் போற பெருங்கால்வாய், இதனால காசு கொட்டின ஊர். அரசாங்க தேர்வுல பாஸாகி பெரிய அதிகாரி ஆனவங்க இந்த ஊர்ல இருந்து ஏகப்பட்ட பேர், அவங்க ஓய்வு வாங்கினா, இல்ல வேலை போச்சுன்னா, திரும்பி வந்து செட்டில் ஆகற ஊரும் இதுதான். 16ல இருந்து 18ம் நூற்றாண்டு வரைக்கும் ஊர் மதிலுக்குள்ள மட்டும் 200 தோட்டம் வரைக்கும் இருந்திருக்கு. ஊர்லயும் சுத்துவட்டாரத்துலயும் மிச்சம் இருக்கறதுல 4 தோட்டத்த 1997லயும் இன்னும் 5 தோட்டத்த 2000லயும் உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்தாங்க, மொத்தம் 9.

வேலை போனவங்கன்னு சொன்னேன்ல, அங்கதான் இந்த தோட்டங்களோட உயிர் இருக்கு. சுஜோவுல இருக்கற தோட்டங்கள்லயே பழைய பேரு சாங்லாங் திங். அத கட்டினவர் சு ஷுன்சின்னு ஒரு கவிஞர், சொங் வம்ச காலத்து அதிகாரி. 1044ல தலைநகர்ல ஒரு திருவிழா நேரத்துல ஆபீஸ்ல கெடந்த பழைய காகிதத்த வித்து, அந்த காசுல நண்பர்களுக்கு விருந்து வெச்சார், அதையே காரணமா வெச்சு அரசாங்க சொத்த கையாடல் பண்ணிட்டார்னு வேலைய விட்டு தூக்கிட்டாங்க. உண்மையில அது அரசியல் பழி, அவர் இருந்த சீர்திருத்த கோஷ்டிய காலி பண்ண எதிர் கோஷ்டிக்கு ஒரு சாக்கு வேணும், இது கெடச்சுது. மனுஷன் சுஜோ வந்து தண்ணி ஓரமா பாழடஞ்சு கெடந்த ஒரு எடத்த 40,000 செப்புக் காசு குடுத்து வாங்கி ஒரு மண்டபம் கட்டினார். சாங்லாங்ங்கிறது ஒரு பழைய மீனவப் பாட்டுல வர்ற ஆத்தோட பேரு, அந்த ஆத்து தண்ணி தெளிவா இருந்தா என் தொப்பி நாடாவ கழுவிப்பேன், கலங்கி இருந்தா காலக் கழுவிப்பேன்னு வரும். காலம் நல்லா இருந்தா அதிகாரி, இல்லன்னா ஒதுங்கிக்குவேன்னு அர்த்தம், படிச்ச சீனாக்காரர் எவருக்கும் அந்த பேர கேட்டவுடனே அவரோட மனக்காயம் புரிஞ்சிடும். அவரோட நண்பர் ஓயாங் ஷியூ, அந்த காலத்துல பெரிய இலக்கியவாதி, காத்துக்கும் நிலாவுக்கும் வெலையே கெடயாது, பாவம் 40,000 காசுக்கு வித்துட்டாங்களேன்னு ஒரு கவிதை எழுதி அனுப்பினார். சு ஷுன்சினுக்கு அத ரொம்ப நாள் அனுபவிக்க குடுத்து வெக்கல, நாலஞ்சு வருஷத்துல செத்துப் போயிட்டார்.

அதுக்கப்புறம் வந்த பெரும்பாலான தோட்டத்துலயும் இதே கதை வேற வேற ஆளோட வரும். இப்ப டூர்ல உங்கள கண்டிப்பா கூட்டிட்டு போற ஜுவோஜெங் யுவான எடுத்துக்கோங்க, யுவான்னா தோட்டம், சுஜோவுலயே பெருசு, 5 ஹெக்டேருக்கு கொஞ்சம் மேல. வாங் ஷியான்செங்னு ஒரு கண்காணிப்பு அதிகாரி, மிங் வம்ச அரசவைல செல்வாக்கா இருந்த ஆளுங்களோட மோதி அடி வாங்கி பதவி எறங்கி கடைசில வெறுத்துப் போயி ஊருக்கு வந்து 1509 வாக்குல ஆரம்பிச்சது. தண்ணி தேங்கி நின்ன சதுப்பு நிலம், அத தூர் வாரி குளமாக்கி சுத்தி மரம் வெச்சார். காய்கறி போட்டு வித்து பொழைக்கறதுதான் என்ன மாதிரி சாமர்த்தியம் இல்லாதவனோட அரசியல்னு ஒரு பழைய கவிதை வரி இருக்கு, அதுல இருந்துதான் பேரு வெச்சார்.

அவரோட நண்பர் வென் ஜெங்மிங், மிங் காலத்து ஓவியர்கள்ல முதல் வரிசைல வர்றவர், அரசாங்க தேர்வு திரும்பத் திரும்ப எழுதியும் பாஸாகாதவர், 1533ல இந்த தோட்டத்த 31 காட்சியா வரஞ்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவிதை எழுதி குடுத்தார். அந்த 31ஐயும் பாத்தீங்கன்னா ஒரு விஷயம் தெரியும், கட்டடம் ரொம்ப கம்மி, எங்க பாத்தாலும் பிளம் மரம், ஆரஞ்சு, மூங்கில், திறந்த தண்ணி, பாதிக்கு பாதி பழத்தோப்பு மாதிரி. இன்னைக்கு நீங்க போனா பாக்கறது அது இல்ல. வாங் செத்தப்புறம் பையன் சூதாட்டத்துல தோட்டத்தையே தோத்துட்டான். அப்புறம் கை மாறி மாறி, 1631ல கிழக்குப் பக்கம் தனியா போச்சு, மேக்கு பக்கம் வேற ஆளுகிட்ட போச்சு, 1860ல தாய்பிங் கிளர்ச்சிப்படை ஊர பிடிச்சப்ப அவங்க தளபதி லி ஷியூசெங் இத தன் அரண்மனையோட சேத்துகிட்டார், 1877ல மேக்குப் பக்கத்த வாங்கின ஜாங் லூச்சியான்னு ஒரு பணக்காரர் புதுசா மண்டபங்கள் கட்டினார், கடைசில 1950கள்ல அரசாங்கம் ரிப்பேர் பண்ணி ஜனங்களுக்கு திறந்து விட்டுச்சு. அதனால கைடு யாராவது இது அப்படியே 500 வருஷத்துக்கு முன்னாடி இருந்த தோட்டம்னு சொன்னா நம்பாதீங்க. குளமும் பேரும் மிங் காலத்தோடது, நீங்க தொட்டுப் பாக்கற மரம், ஓடு, சுவரு பெரும்பாலும் 19ம் நூற்றாண்டுக்கு அப்புறம் வந்தது. எனக்கு இது குறையா தெரியல. மரக் கட்டடமும் செடியும் அழியுற சமாச்சாரம், ஆனா எத மறைக்கணும் எங்க திறக்கணும்ங்கிற ஞானம் கவிதையாவும் ஓவியமாவும் கொத்தனார் தச்சர் கையிலயும் தங்கிடுச்சு, ஒவ்வொரு தடவ இடிஞ்சப்பவும் அத வெச்சு திரும்ப கட்டியிருக்காங்க.

இப்ப டிசைனுக்கு வருவோம். மறைக்கறதுன்னா என்னன்னு புரியணும்னா லியூ யுவான் போங்க. இது 1593ல ஷு தாய்ஷின்னு ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி ஆரம்பிச்ச தோட்டம், 1873ல ஷெங் காங்னு ஒருத்தர் வாங்கி பெருசாக்கினார். தெரு வாசல்ல இருந்து குளத்துக்கு போக சுமார் 50 மீட்டர் நடைபாதை, ரெண்டு பக்கமும் உயரமான கட்டட சுவர், வழிய அகலமாக்க முடியாத எடம். அத என்ன பண்ணாங்கன்னா ஒரே நேர் சந்தா விடாம உடைச்சு உடைச்சு திருப்பினாங்க. ஒரு எடத்துல குறுகலா இருட்டா இருக்கும், அடுத்த திருப்பத்துல மேல வானம் பாக்க ஒரு சின்ன முற்றம், ரெண்டு மூங்கில், ஒரு கல்லு, மேல இருந்து வெளிச்சம் விழும், மறுபடியும் இருட்டு, மறுபடியும் ஒரு கீத்து வெளிச்சம். கடைசில ஒரு சுவத்துல வரிசையா ஜன்னல், ஒவ்வொண்ணுலயும் வேற வேற டிசைன்ல கம்பி வேலை மாதிரி ஓடும் சுண்ணாம்பும் வெச்சு செஞ்ச அடைப்பு, அது வழியா குளம் துண்டு துண்டா தெரியும், ஆனா போக வழி இருக்காது. இன்னும் ரெண்டு திருப்பம் திரும்பினாத்தான் குளம் முழுசா வரும். மேட்னி ஷோ முடிஞ்சு தியேட்டர விட்டு வெளிய வரும்போது தெருவே பளிச்சுனு பெருசா தெரியுமே, அதே வேலைதான், கண்ண இருட்டுக்கு பழக்கிட்டு ஒரு நடுத்தர சைஸ் குளத்த காட்டறாங்க, அது ஏரி மாதிரி தெரியுது. சீனாவுல கட்டடக்கலை படிக்கற பசங்க இந்த 50 மீட்டர அளந்து வரையறது இன்னைக்கும் நடக்குது.

ஜுவோஜெங் யுவான்லயும் நடுத்தோட்டத்துக்கு உண்டான பழைய வாசல்ல இதையே கல்ல வெச்சு பண்ணியிருக்காங்க, உள்ள நுழஞ்சவுடனே ஒரு செயற்கை மலை முன்னாடி வந்து நிக்கும், அத சுத்திப் போனாத்தான் குளமும் பெரிய கூடமும் தெரியும். சாங்லாங் திங்ல சுவர் ஜன்னல் மட்டும் 108, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கெடயாது. அங்க இன்னொரு அழகு, மத்த தோட்டமெல்லாம் தண்ணிய உள்ள வெச்சு சுவர் எழுப்பியிருக்கும், இங்க தண்ணி வெளிய வாய்க்காலா ஓடுது, அத ஒட்டி ஒரு நீள தாழ்வாரம், நடுவுல ஜன்னல் வெச்ச சுவர், ஒரு பக்கம் நடந்தா வாய்க்கால், அந்தப் பக்கம் நடந்தா உள்ள இருக்கற மண் குன்று, ரெண்டும் ஜன்னல் வழியா ஒண்ணையொண்ணு எட்டிப் பாக்கும். வாய்க்கால் ஊரோடது, ஆனா தோட்டத்தோடது மாதிரி ஆயிடுச்சு.

வெள்ளை சுவரப் பத்தியும் சொல்லணும். அது வெறும் எல்லை சுவர் இல்ல, காகிதம். சுவத்துக்கு முன்னாடி ரெண்டு மூங்கில், ஒரு ஓரமா கல்லு வெச்சா மத்தியானம் வெயில்ல அதோட நிழல் சுவத்துல விழுந்து மை ஓவியம் மாதிரி ஆயிடும், காத்தடிச்சா ஓவியம் அசையும். சின்ன சின்ன முற்றத்துலதான் இத கவனிக்கணும், எல்லாரும் குளத்துக்கிட்ட செல்ஃபி எடுத்துட்டு இத பாக்காமலே தாண்டிடறாங்க.

தண்ணிய எப்படி பெருசா காட்டறதுங்கறதுக்கு வாங்ஷி யுவான விட நல்ல பாடம் இல்ல. என்னோட மனசுக்கு ரொம்ப நெருக்கமான தோட்டம் இதுதான். தெற்கு சொங் காலத்துல, 12ம் நூற்றாண்டுல, ஷி ஜெங்ஜின்னு ஒரு அதிகாரி கட்டின வீடு, அது பாழாகி 18ம் நூற்றாண்டுல சொங் ஜொங்யுவான்னு ஒருத்தர் திரும்ப கட்டினார், வலை வீசுற மீனவன்னு பேரு வெச்சார், அதிகாரம் வேணாம் மீன் பிடிச்சு பொழச்சுக்கறேன்ங்கற அதே பழைய மீனவன் நெனப்பு. வீடும் தோட்டமும் சேத்து அரை ஹெக்டேர்தான் வரும், குளம் ஏறக்குறைய 400 சதுர மீட்டர். ஆனா கரைல நின்னா அது முடியற எடம் உங்களுக்கு தெரியாது. ஏன்னா குளத்தோட ரெண்டு எதிர் மூலைல தண்ணிய ஒல்லியா இழுத்து விட்டிருக்காங்க, ஒரு மூலைல அது ஒரு குட்டி கல் பாலத்துக்கு அடியில போயி பாறைக்கு நடுவுல மறைஞ்சிடும், அங்க இருந்து எங்கேயோ மலைல இருந்து ஓடை வருதுன்னு கண்ணு நம்பிடும். அந்த பாலம், யின்ஜிங் பாலம்னு பேரு, மூணு நாலு எட்டு வெச்சா தாண்டிடலாம், ஆனா வளைவு, கைப்பிடி, படி எல்லாம் பெரிய பாலத்துக்கு உண்டான எல்லா உறுப்பும் இருக்கு. பாலம் சின்னதானதால பக்கத்துல இருக்கற தண்ணி பெருசாயிடுச்சு.

கரைக் கல்ல தண்ணி மட்டத்துக்கு கிட்டக்க தாழ்வா அடுக்கி, அடியில குடைவு விட்டிருக்காங்க, அதனால தண்ணி கல்லுக்கு அடியிலயும் தொடருதுன்னு தோணும். தண்ணிக்கு பக்கத்துல இருக்கற மண்டபம் எல்லாம் குட்டை, ரெண்டு மாடி கட்டடங்கள பின்னாடி தள்ளி முன்னாடி ஒரு தாழ்ந்த திறந்த தாழ்வாரத்த விட்டு மறைச்சாங்க, பெரிய படிப்பறைய பழைய பைன் மரங்களுக்கு பின்னாடி தள்ளிட்டாங்க. குளத்துல தாமரையும் போடல, போட்டா இலை மூடி வானம் தெரியாது. மேக்குக் கரைல நிலா வரும் காத்து வரும்னு பேரு வெச்ச ஒரு மண்டபம், அதுக்குள்ள ஒரு பெரிய கண்ணாடி, சாயங்காலம் நிலா வந்தா வானத்துல ஒண்ணு தண்ணில ஒண்ணு கண்ணாடில ஒண்ணு. தெற்குக் கரைல தண்ணி மேல நிக்கற மண்டபத்துக்கு தொப்பி நாடா கழுவுற எடம்னு பேரு, சு ஷுன்சின் எடுத்தாரே அதே பாட்டுல இருந்து. 700 வருஷ இடைவெளில ரெண்டு தோட்டம், ஒரே பாட்டு. 1930கள்ல ஓவியர் ஜாங் தாச்சியானும் அவர் அண்ணனும் இங்க குடியிருந்தாங்க, அண்ணன் புலி வரையறவர், அதுக்காக நெசமாவே ஒரு புலிக்குட்டிய இங்க வெச்சு வளத்தார்.

வளஞ்சு வளஞ்சு போற பாலத்தப் பத்தி, பேய் நேர் கோட்டுலதான் போகும் அதனால பாலத்த வளைச்சாங்கன்னு எல்லா கைடும் சொல்லுவாங்க. சுவாரசியமான கதை, ஆனா நான் ஏத்துக்கறது இல்ல. அந்த பாலத்துல நடந்து பாத்தாலே காரணம் புரியும், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உங்க பார்வையும் திரும்புது, 10 மீட்டர் தண்ணிய தாண்ட 20 மீட்டர் நடக்கறீங்க, கைப்பிடி தாழ்வா இருக்கறதால தன்னால மெதுவா நடக்கறீங்க.

அடுத்து கல்லு, வெளியூர்க்காரங்களுக்கு புரியறதுக்கு ரொம்ப நேரம் ஆகற விஷயம். தாய்ஹூ ஏரில கெடைக்கற சுண்ணாம்புக் கல்லு, தண்ணி அலை அரிச்சு அரிச்சு ஓட்டையும் சுழிப்புமா ஆயிடும். ஒல்லியா நிக்கணும், ஓட்டை வழியா அந்தப் பக்கம் தெரியணும், மேல ஊத்தின தண்ணி உள்ள புகுந்து கீழ வரணும், மேல்தோல் சுருக்கம் சுருக்கமா இருக்கணும், இதுதான் அவங்க கல்லுக்கு பாக்கற லட்சணம், சொங் காலத்து ஓவியர் மி ஃபு பேர்ல வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க. ஒரு நல்ல கல்லுங்கிறது அவங்களுக்கு ஒரு முழு மலைத்தொடர், குகை, மேகம் எல்லாம் அடங்கின ஒண்ணு. லியூ யுவான்ல குவான்யுன் ஃபெங்னு ஒரு கல்லு ஒத்தையா 6.5 மீட்டர் உயரம் நிக்குது, அதுக்காகவே சுத்தி கூடம், குளம், மாடி எல்லாம் கட்டியிருக்காங்க. தேவையான ஓட்டை இல்லாத கல்ல கொஞ்சம் செதுக்கி திரும்ப ஏரில போட்டு வருஷக்கணக்கா அலைல ஊற விட்டு எடுக்கற பழக்கமும் இருந்துச்சு.

இந்த ஆசை ஒரு ராஜ்ஜியத்தையே ஆட்டி வெச்சிருக்கு. சொங் பேரரசர் ஹுய்சொங், அற்புதமான ஓவியர், 1117ல தலைநகர் கைஃபெங்ல கென்யுவேன்னு ஒரு செயற்கை மலைத் தோட்டம் ஆரம்பிச்சார். அதுக்கு கல்லும் செடியும் சேக்கற வேலைய சுஜோக்காரன் ஜு மியான் கையில குடுத்தாங்க. அவன் ஆளுங்க யார் வீட்ல நல்ல கல்லு இருக்குன்னு தெரிஞ்சாலும் மஞ்சள் துணிய போத்தி அரசர் சொத்துன்னு முத்திரை குத்திடுவாங்க, எடுத்துட்டு போக வீட்டு சுவர இடிப்பாங்க, நெல்லு ஏத்திட்டு போக வேண்டிய படகெல்லாம் கல்லு ஏத்திட்டு போச்சு, பெரிய கல்லு வந்தா வழில பாலத்தையும் மதகையும் ஒடச்சாங்க. தாங்க முடியாம 1120ல ஃபாங் லா தலைமைல தென்கிழக்குல பெரிய கலகமே வெடிச்சுது, அவங்க முழக்கமே ஜு மியான கொல்லணும்ங்கறதுதான். 1127ல வடக்க இருந்து ஜின் படை வந்து கைஃபெங்க பிடிச்சு ஹுய்சொங்க கைதியா இழுத்துட்டு போச்சு, முற்றுகைல மதில் மேல இருந்து எறிய அந்த மலைக் கல்லையே ஒடச்சு எறிஞ்சாங்க. சுஜோல ஒரு அழகான தாய்ஹூ கல்லுக்கு முன்னாடி நிக்கும்போது இந்த கதையும் தெரிஞ்சிருக்கணும்னு நெனைக்கறேன், அந்த அழகுக்கு வெலை குடுத்தது வேற யாரோ.

கல்ல வெச்சு மலை கட்டறதுல ரெண்டு தோட்டத்த ஒப்பிட்டு பாக்கலாம். ஷிஸிலின்னு ஒண்ணு, சிங்கத் தோப்பு, 1342ல தியான்ருங்கற சான் (ஜென்) பௌத்த துறவிக்கு அவர் சீடர்கள் கட்டிக் குடுத்தது, கல்லெல்லாம் சிங்கம் மாதிரி இருக்கும், உள்ள குகையும் படியும் சேந்து பெரிய புதிர்ப்பாதை. சியான்லாங் பேரரசருக்கு இது ரொம்ப பிடிச்சுப் போயி வடக்க ரெண்டு எடத்துல இத நகல் எடுத்து கட்டினார். 1917ல இத ஒரு சாய வியாபாரி வாங்கினார், பாரிஸ் லூவ்ர் மியூசியத்து கண்ணாடி பிரமிட வடிவமைச்ச ஐ. எம். பெய் அந்த குடும்பம்தான், சின்ன வயசுல கோடை விடுமுறைக்கு இங்க வந்து விளையாடினவர். குழந்தைங்க கூட வந்தா ஷிஸிலின் செம ஜாலி. ஆனா மலைன்னு பாத்தா எனக்கு இதுல கல்லு கூட்டம்தான் தெரியுது, மலை தெரியல.

மலை பாக்கணும்னா ஹுவான்ஷியூ ஷான்ஜுவாங் போகணும். 1800கள் ஆரம்பத்துல கெ யூலியாங்னு ஒரு கல் அடுக்கும் கலைஞர் கட்டினது, மொத்த மலையும் ஒரு பெரிய வீட்டு மனை அளவுக்குள்ள, உயரம் 7 மீட்டர்தான். அதுக்குள்ள பள்ளத்தாக்கு, செங்குத்து பாறை, கல் அறை, மேல ஒரு ஒத்தைக்கல் பாலம் எல்லாம் இருக்கு. கீழ நடக்கும்போது நிமிந்து பாத்தா வானம் ஒரு கோடா தெரியும். இவரோட நுட்பம் என்னன்னா குகைக்கு மேல நீளக் கல்ல பலகை மாதிரி போட்டு மூடல, கல் வளைவு பாலம் கட்டற மாதிரி கல்ல ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டு பூட்டி வளைச்சிருக்கார், கல்லோட இயற்கையான வரி ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு தொடர்ற மாதிரி பாத்து பாத்து சேத்திருக்கார், இணைப்ப கிட்டப்போயி தேடினாத்தான் கண்டுபிடிக்க முடியும். 200 வருஷமா நிக்குது.

இந்த அறிவ எல்லாம் எழுதி வெச்சவர் ஜி செங், 1582ல சுஜோவுக்கு பக்கத்துல வூஜியாங்ல பொறந்தவர், ஓவியரா இருந்து தோட்டம் போடறவரா ஆனவர். 1630கள்ல அச்சான அவரோட யுவான்யேங்கற நூல்தான் சீனாவுல தோட்டக்கலைக்குன்னே வந்த முதல் முழு நூல். அதுக்கு முன்னுரை எழுதினவர் பின்னாடி அரசியல்ல ரொம்ப கெட்ட பேரு வாங்கினதால நூலும் ஊர்ல மறஞ்சே போச்சு, ஜப்பான்ல இருந்த பிரதிய வெச்சு 20ம் நூற்றாண்டுலதான் திரும்ப வந்துச்சு. அவர் அழுத்தி சொல்ற விஷயம் ரெண்டு, மனுஷன் செஞ்சதானாலும் தானா அமைஞ்ச மாதிரி இருக்கணும், அப்புறம் வெளிய இருக்கறத கடன் வாங்கணும். சுவத்துக்கு வெளிய அசிங்கமா ஏதாவது இருந்தா மறை, அழகா இருந்தா உள்ள இழுத்துக்கோன்னு சொல்றார். ஜுவோஜெங் யுவான்ல இத நேர்ல பாக்கலாம், நடுக் குளத்தோட கிழக்கு பக்கம் நின்னு மேக்க பாத்தா தண்ணிக்கு மேல மரங்களுக்கு நடுவுல ஒரு உயரமான பகோடா நிக்கும், தோட்டத்துக்குள்ளேயே இருக்கற மாதிரி. அது ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளி வேற ஒரு கோயில்ல இருக்கற 76 மீட்டர் கோபுரம். இந்த ஒரு காட்சிக்காக நடுவுல இருக்கற ஊர் முழுக்க உயரமான கட்டடம் வராம கட்டுப்பாடு வெச்சு காப்பாத்திட்டு வர்றாங்க.

கண்ணுக்கு மட்டும் இல்ல, காதுக்கும் டிசைன் பண்ணாங்க. ஜுவோஜெங் யுவான்ல மழை கேக்கற மண்டபம்னே ஒண்ணு இருக்கு, சுத்தி வாழை வெச்சிருக்காங்க, அந்த குளிர்ல பழம் பெருசா வராது, சத்தத்துக்காகத்தான் வெச்சது. வாழை இலைல மழை விழுற சத்தம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே. இன்னொரு மண்டபத்துக்கு காஞ்ச தாமரைய பிடுங்காம விட்டு வை, மழை கேக்கலாம்னு அர்த்தம் வர்ற பழைய கவிதை வரில இருந்து பேரு. மேக்கு பக்கத்துல ஜாங் லூச்சியான் கட்டின கூடம் ஒண்ணு நடுவுல தடுத்து ரெண்டா இருக்கும், வெயில் வர்ற தெற்குப் பாதி குளிர்காலத்துக்கு, தாமரைக் குளத்த பாத்த வடக்குப் பாதி கோடைக்கு. ஜாங் குடும்பம் குன்ச்சு இசை நாடகத்துல பைத்தியமா இருந்தவங்க, கூடத்தோட உள்கூரைய வளைச்சு கட்டினதால குரல் எதிரொலிச்சு நெறஞ்சு கேக்கும், நாலு மூலைல இருக்கற சின்ன அறைங்க நடிகருங்க வேஷம் மாத்த வசதியா இருந்துச்சு.

இத கட்டற கை இன்னும் உயிரோட இருக்குங்கறது எனக்கு பெரிய நிம்மதி. தாய்ஹூ ஏரி ஓரத்து ஷியாங்ஷான் பக்கத்து தச்சர், கொத்தனார் பரம்பரை, பெய்ஜிங் அரண்மனை வேலைக்கே போனவங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல வாங்ஷி யுவானோட ஒரு சின்ன முற்றத்த அப்படியே கட்டணும்னு முடிவானப்ப சுஜோல இருந்து 27 பேர் போனாங்க, அதுக்கு ஓடும் தரைக்கல்லும் சுட பழைய அரசு சூளைய திரும்ப பத்த வெச்சாங்க, 1981ல திறந்தாங்க. ஜுவோஜெங் யுவான ஒட்டி 2006ல திறந்த சுஜோ மியூசியம், அதையும் பாத்துடுங்க, ஐ. எம். பெய் வயசான காலத்துல சொந்த ஊருக்கு செஞ்சது. தோட்டத்தோட எல்லை சுவரையே காகிதமா வெச்சு அதுக்கு முன்னாடி கல்ல மெல்லிசா அறுத்து மலைத்தொடர் மாதிரி நிறுத்தியிருக்கார், தாய்ஹூ கல்ல அடுக்கற வேலைல பழசுகள மிஞ்ச முடியாதுன்னு தெரிஞ்சு வேற வழி பிடிச்சது அவரோட புத்திசாலித்தனம்.

உங்க ஒரு நாள எப்படி செலவு பண்றதுன்னா, மே 1, அக்டோபர் 1 விடுமுறை வாரத்துல மட்டும் போகாதீங்க, கூட்டத்துல நகர முடியாது, ஒண்ணையும் மறைக்கவும் முடியாது காட்டவும் முடியாது. மத்த நாள்ல காலைல கதவு திறக்கற நேரத்துக்கே ஜுவோஜெங் யுவான் போயி, நேரா நடுப்பகுதிக்கு போயிடுங்க, கிழக்கு பக்கம் புல்வெளியா திறந்து கெடக்கும், அதுல நேரத்த விட வேணாம். அடுத்து பக்கத்துலயே மியூசியம். மத்தியானம் ஹுவான்ஷியூ ஷான்ஜுவாங், அது எம்ப்ராய்டரி நிலைய வளாகத்துக்குள்ள இருக்கு, டூர் பஸ் நிக்காது, நீங்களா கேட்டு வாங்கணும், அரை மணி நேரம் போதும், ஆனா மலைக்குள்ள ரெண்டு தடவ நடங்க, ஒரு தடவ கீழ, ஒரு தடவ மேல. மிச்ச பொழுது முழுக்க வாங்ஷி யுவானுக்கு விடுங்க. அங்க போயி சுத்தாதீங்க, குளக்கரைல ஒரு மண்டபத்துல கால் மணி நேரம் உக்காந்துட்டு அடுத்த மண்டபத்துக்கு மாறுங்க, அதே குளம் நாலு பக்கத்துல இருந்து நாலு குளமா தெரியும். லியூ யுவான் ஊருக்கு மேக்க தள்ளி இருக்கு, ஒரே நாள்ல எல்லாத்தையும் திணிச்சா எதுவும் நிக்காது, ஆனா உங்க டூர்க்காரர் ஷிஸிலினுக்கு பதிலா லியூ யுவான் போலாமான்னு கேட்டா யோசிக்காம சரின்னு சொல்லிடுங்க, அந்த 50 மீட்டர் சந்துக்காகவே.